பின்னறையில் மூச்சுவிட்ட பீப்பாய்

இன்று காலை போடிமெட்டு வீட்டின் பின்னறையைத் திறந்தேன். ஏலக்காய் பறிப்பு தொடங்கப் போகிறது, வேலைக்கு வருகிறவர்கள் தங்க வேண்டும், அறையைக் கழுவிவிடு என்று பெரியப்பா சாவியைக் கொடுத்தனுப்பியிருந்தார். பூட்டு துருவேறிக் கிடந்தது. கதவைத் தோளால் முட்டித் தள்ளியதும் முதலில் வந்தது ஈரமண் வாடை. அதற்குப் பின்னால், ஒளிந்திருந்து எட்டிப் பார்ப்பதுபோல, வறுத்த பார்லியும் புளித்த மாவும் கலந்த அந்த வாசம். இத்தனை மாதம் கழித்தும் சுவரில் இருக்கிறது! கழுவப் போனவன் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். போனில்தான் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். நீ படிக்க மாட்டாய் என்று தெரியும். ஆனாலும் உன்னிடம்தான் சொல்ல வேண்டும், வேறு யாரிடம் சொன்னாலும் முதலிலிருந்து விளக்க வேண்டும்.

பந்தைத் தொடாமலேயே கால்பந்துக்கு உயிரைக் கொடுக்கிற ரசிகர்கள் இருக்கிறார்கள் அல்லவா, நான் அப்படிப்பட்ட போர்ட்டர் ரசிகனாக இருந்தேன். வறுத்துக் கறுத்த பார்லியில் காய்ச்சும் அந்த இங்கிலாந்து பீரை ஒரு சொட்டுகூடக் குடித்ததில்லை. ஆனால் அதைப் பற்றி எவன் வீடியோ போட்டாலும் முதல் கமெண்ட் என்னுடையது. அதிலும் பீப்பாயிலேயே பக்குவமாகும் போர்ட்டர் என்றால் தூக்கம் போய்விடும். மற்ற பீர்களில் வாயுவை வெளியிலிருந்து ஏற்றுகிறார்கள். இதில் ஈஸ்ட் பீப்பாய்க்குள் உயிரோடு இருந்து, மிச்ச வேலையைத் தானே முடிக்கிறது. குடிக்கிற கிளாஸ் வரைக்கும் உயிர்! போடியில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, இந்த ஒரு விஷயத்துக்காக நான் வெறிபிடித்து அலைந்தேன். நம் வீட்டில் யாருக்கும் இது புரியவில்லை. பெரியப்பா மகளான உனக்கு மட்டும் புரிந்தது, அதுவும் தற்செயலாக.

நீ மேல்படிப்புக்கு இங்கிலாந்து போய், செலவுக்காக மாலை நேரத்தில் ஒரு பப்பில் வேலைக்குச் சேர்ந்தாய். கிளாஸ் கழுவுகிற வேலை என்றுதான் வீட்டில் சொன்னாய். உன்னைத் தரைக்குக் கீழே இருந்த பீப்பாய் அறைக்கு அனுப்பிவிட்டார்கள் என்பது எனக்கு மட்டும் தெரியும். ஒருநாள் நான் போடி பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது வீடியோ காலில் வந்தாய். பின்னால் "ராசிங்காபுரம், ராசிங்காபுரம்" என்று கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தார். நீ போனை ஒரு பீப்பாயின்மேல் வைத்தாய்.

"காத வச்சுக் கேளுடா."

"உஸ்ஸுன்னுதான் கேக்குது. என்னக்கா, கேஸ் லீக்கா?"

"லீக் இல்ல. பீரு மூச்சு விடுது."

அன்றைக்கு ராசிங்காபுரம் பஸ் எனக்குத் தெரியாமலேயே போய்விட்டது. ஐயாயிரம் மைலோ என்னவோ, அவ்வளவு தூரத்தில் ஒரு மரச்சட்டத்தில் படுத்திருந்த பீப்பாயின் மூச்சை ஒரு காதை மூடிக்கொண்டு கேட்டேன். எனக்கு மயிர்க்கூச்செடுத்தது.

பிறகு நீ திரும்பி வந்தாய். பட்டத்தோடு சேர்த்து நோயையும் கொண்டுவந்தாய். மதுரையில் கீமோ கொடுக்கக் கொடுக்க உன் நாக்கு செத்துப்போயிற்று, எதுவும் இரும்பாகத்தான் ருசித்தது. கஞ்சியைக் கொடுத்தால், "ஆணிடா" என்பாய். தண்ணீரைக் கொடுத்தால், "இதுவும் ஆணி. துருப்புடிச்ச ஆணி" என்பாய். நாக்கு இப்படி என்றால் மூக்கு நேர்மாறாக முறுக்கிக்கொண்டது. போடியில் எந்தத் தெருவில் நின்றாலும் ஏலக்காய் மணக்கும், அது பட்டதும் உனக்குக் குமட்டல். ஏலக்காயிலேயே பிழைக்கிற வீட்டில் பிறந்தவளுக்கு இப்படியா என்று பெரியப்பா நொந்துபோனார். கடைசியில் உன்னை மலைமேல் இருந்த இந்தத் தோட்ட வீட்டுக்கே கொண்டுபோனார். சுற்றிலும் ஏலச்செடிதான், ஆனால் செடியில் நிற்கிற பச்சைக்காய் அப்படி மணப்பதில்லை. காய்ந்தால்தான் ஊரைக் கூட்டும்.

அங்கே கட்டிலில் படுத்துக்கொண்டு நீ கேட்டதை இன்னும் நினைத்துச் சிரிக்கிறேன்.

"டேய், வீடியோ பாத்துப் பாத்துக் காய்ச்சக் கத்துக்கிட்டேல்ல?"

"எல்லாம் மண்டைலதான்க்கா இருக்கு. கைல இல்ல."

"அப்பக் கைக்குக் கொண்டா. பீப்பாய்ல ஊத்துற வரைக்கும் உன் சோலி. ஊத்துனதுக்கப்புறம் என் சோலி."

"வீட்ல காய்ச்சுனா போலீஸ் கேஸுக்கா."

"கேசு கோர்ட்டுக்கு வர்ற வரைக்கும் நான் இருக்கப் போறேனா? என் பேரச் சொல்லிக்க. தைரியமாக் காய்ச்சு."

நீதான் முதலில் சிரித்தாய்.

உன்னால் குடிக்க முடியாது, குடித்தாலும் ஆணிதான். பின்னே எதற்கு என்று கேட்டேன். அடுத்த முறை மதுரைக்குப் போனால் திரும்பி வருவாயா என்று டாக்டரே உறுதியாகச் சொல்லவில்லை. அதை நீ என்னிடம் ஒளிக்கவும் இல்லை. "போறதுக்கு முன்னாடி அத இன்னொரு தடவ குடிக்கணும்டா. என் நாக்கு வேலைக்காகாது. உன் நாக்கக் குடு" என்றாய். ஒரு நாக்கைக் கடன் கேட்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகக் கேட்டாய். எனக்கு அந்த நிமிடம் பயம் பிடித்தது. காய்ச்சுவதில் இல்லை பயம். ஒருத்திக்குப் பதிலாக ருசி பார்க்க வேண்டுமே!

நான் ஒரு யோசனை சொன்னேன். "போடி ஸ்பெஷல், ஏலக்காய் போர்ட்டர்! ரீல் போட்டா பிச்சுக்கும்க்கா."

"ஏலக்காயப் போட்டேன்னு வையி, எந்திரிச்சு வந்து அடிப்பேன். பாயசமாடா வைக்கிறோம்?"

பார்லியும் ஈஸ்டும் ஆன்லைனில் வந்தன. பீப்பாய் வரவில்லை. அதனால் ஒரு பெரிய பால் கேனை வெல்டிங் பட்டறைக்குத் தூக்கிப்போனேன். அதன் வாயை மூடிப் பற்றவைத்து, படுக்கப் போட்டு, மேலே ஒரு துளை, முகப்பில் குழாய்க்கு ஒரு துளை. "எதுக்குண்ணே இது?" என்று பட்டறைக்காரத் தம்பி கேட்டான். தேன் எடுக்க என்றேன். "படுத்துக்கிட்டா எடுப்பீக?" என்றான். ஜீப்பில் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்தேன். காய்ச்சியது முற்றத்தில், விறகடுப்பில், பொங்கல் அண்டாவில். இரண்டு முறை பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. நீ ஜன்னல் வழியாகப் பார்த்து, "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினாய்.

அது அண்டாவில் புளித்து அடங்கியதும், ஈஸ்டுக்குத் தீனியாகக் கொஞ்சம் கருப்பட்டிப் பாகோடு அந்தக் கேன் பீப்பாயில் ஊற்றினேன். அதோடு என் சோலி முடிந்தது. உன் சோலி தொடங்கியது. அடேயப்பா, அதுவரை படுத்தே கிடந்தவளா நீ! சரிவைக் குடைந்து கட்டிய இந்தப் பின்னறைதான் வேண்டும் என்றாய். வெயில் காலத்திலும் இதன் சுவர் குளிர்ந்திருக்கும், மார்கழியில் கேட்கவே வேண்டாம். உன் கட்டிலை வாசலுக்கு நேரே இழுத்துப் போடச் சொன்னாய். பீப்பாயை எப்படிப் படுக்க வைக்க வேண்டும், அடியில் எங்கே கட்டை கொடுக்க வேண்டும் என்று சுட்டுவிரலால் என்னை ஆட்டிவைத்தாய். மேல்துளைக்கு ஆப்பு செதுக்க, குரங்கணியிலிருந்து மூங்கில் கொண்டுவரச் சொன்னாய். ஏன் மூங்கில் என்றால், அதன் நார் வழியாக வாயு கசியும். மெத்தென்ற ஆப்பு. பீர் உள்ளே துள்ளிக்கொண்டிருக்கும்வரை இதுதான். துள்ளல் அடங்கிய பிறகுதான் இறுக்கமான கட்டை ஆப்பு.

மூங்கில் ஆப்பை அடித்த அன்று, அதன் தலையில் பழுப்பு நுரை சின்னச் சின்னக் குமிழாக வந்து உட்கார்ந்தது. உஸ்ஸென்று சத்தம். பஸ் ஸ்டாண்டில் கேட்ட அதே மூச்சு, இப்போது கைக்கெட்டும் தூரத்தில்! நான் குனிந்து காதை வைத்தேன். நீ கட்டிலிலிருந்து என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஆனால் அதே சத்தத்தைப் பெரியப்பாவும் கேட்டார். பெரியம்மா கட்டிக்கொடுத்த தூக்குச்சட்டியோடு அவர் தினமும் காலையில் வேலையாட்கள் வரும் ஜீப்பில் வருவார். நாம் என்ன செய்கிறோம் என்று தெரியும், ஆனால் தெரியாத மாதிரி, பீரை மருந்து என்றே சொல்வார். "மருந்து எப்பத்தா எறங்கும்?" என்றுதான் உன்னிடம் கேட்பார். வாழ்நாள் முழுக்க ஏலக்காய் மூட்டை கட்டியவர் அவர். சாக்குக்குள் பாலிதீன், அதன் வாயை முறுக்கி, மடித்து, இன்னொரு முறுக்கு. வாசம் போனால் சரக்கே போச்சு என்பது அவர் ரத்தத்தில் இருப்பது. ஒருநாள் காலை நீ தூங்கிக்கொண்டிருந்தாய், நான் போடிக்கு இறங்கியிருந்தேன். பீப்பாய் உஸ்ஸென்று வாசத்தை வெளியே விடுவதைப் பார்த்தவருக்கு மனசு கேட்கவில்லை. மகள் ஆசைப்பட்டுப் போட்ட சரக்கு வீணாகிறதே! மூங்கிலைப் பிடுங்கிவிட்டு, கட்டை ஆப்பில் பாலிதீனை இரண்டு சுற்றுச் சுற்றி, சுத்தியலால் அடித்து இறுக்கிவிட்டார். மேலே சாக்கையும் போர்த்திவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. சத்தம் நின்றதும் துள்ளல் அடங்கிவிட்டது, குளிருக்குச் சாக்கு போர்த்தியிருக்கிறார் என்று நாமும் விட்டுவிட்டோம்.

நாம் அதைக் கண்டது, மதுரைக்குப் புறப்பட வேண்டிய நாள் நெருங்கியபோது. சாக்கை விலக்கியதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. உனக்குத் தோன்றியது.

"டேய், அதத் தொடாத! யார்றா கட்டைய அடிச்சது? மெதுவாத் திருகி..."

நான் பிடுங்கிவிட்டேன்.

ஆப்பு தகரக் கூரையில் போய் டங்கென்று அடித்தது. அதன் பின்னால் கறுப்பு நீரூற்று. சுவர், கூரை, என் தலை, உன் போர்வை, கதவில் தூக்குச்சட்டியோடு நின்ற பெரியப்பாவின் வெள்ளைச் சட்டை, எல்லாம் நுரை. நான் உள்ளங்கையால் துளையைப் பொத்தினேன். விரலிடுக்கில் பீய்ச்சி என் மூக்கிலேயே அடித்தது.

"என்னப்பு இது, வெடி வச்ச மாதிரி!" பெரியப்பா சட்டையைப் பார்த்தார். பிறகு பீப்பாயைப் பார்த்தார். "வாசம் போகுதேன்னு நாந்தாத்தா அடச்சேன்."

நீ சிரித்தாய். முதலில் சத்தமில்லாமல், பிறகு கட்டில் குலுங்க, பிறகு இருமல் வந்து, இருமலுக்கு நடுவிலும் சிரித்தாய். "மூட்ட கட்டிட்டீகளாப்பா... பீர மூட்ட கட்டிட்டீகளா..." பெரியப்பாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த வீட்டில் அதற்கு முன்னால் சிரிப்புச் சத்தம் எப்போது கேட்டதென்று எனக்கு நினைவில்லை.

சிரிப்பு அடங்கியதும்தான் நிலைமை தெரிந்தது. பாதி போய்விட்டது. மீதி, அடியில் படிந்திருந்த ஈஸ்டெல்லாம் கலங்கி, சேற்றுத் தண்ணீராகிவிட்டது. அசையாமல் கிடந்தால் தெளியும். ஆனால் அதற்குள் புறப்படும் நாள் வந்துவிடுமே. நாளைத் தள்ளிவைக்கலாமா என்று நான் கேட்டேன். நீ தலையாட்டி மறுத்தாய். "மூங்கில அடி. ஒருத்தரும் பக்கத்துல போகாதீக. தெளிஞ்சா நமக்கு, தெளியலன்னா கூரைக்கு" என்றாய். அதன்பிறகு பெரியப்பா இந்த அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பூனை மாதிரி நடந்தார். வேலையாட்களிடம், "அந்தப் பக்கம் சத்தம் போடாதீகப்பா, உள்ள ஒறங்குது" என்றார். அவர் உன்னைச் சொல்கிறார் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை புறப்பட வேண்டும் என்ற அன்று மத்தியானம், மூடுபனி முற்றம் வரை இறங்கியிருந்தது. குழாயை முகப்புத் துளையின் தக்கைக்குள் அடித்து ஏற்ற வேண்டும். சுத்தியலை ஓங்கினேன்.

"ஒரே அடி. தயங்குனேன்னா பூராம் உன் மூஞ்சிலதான். அடி!"

அடித்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. நீ கட்டிலில் கைதட்டினாய். கிளாஸைச் சாய்த்துத் திறந்தேன். வந்தது! கறுப்பு என்றுதான் நினைத்திருந்தேன், வெளிச்சத்துக்கு நேரே பிடித்ததும் அடியில் மாதுளை நிறம். தெளிந்திருந்தது.

முதலில் நீதான் வாங்கினாய். உதட்டை நனைத்துக்கொண்டாய். கண்ணை மூடி வெகுநேரம் இருந்தாய். பிறகு கிளாஸை என்னிடம் நீட்டினாய்.

"நீ குடி. சொல்லு."

நான் ஒரு மிடறு குடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, இத்தனை வருஷம் வீடியோவில் கேட்டதையெல்லாம் எடுத்துவிட்டேன். "டார்க் சாக்லேட். ரெய்சின். கொஞ்சம் லெதர்..."

"லெதரா? நீ எப்படா செருப்பத் தின்ன?"

வாசலில் பெரியப்பா களுக்கென்று சிரித்தார்.

"எவனோ தின்னத எனக்கு ஏன்டா சொல்ற? நீ தின்னதச் சொல்லு. எனக்கும் தெரிஞ்சதாச் சொல்லு."

நான் மறுபடி குடித்தேன். இந்த முறை கண்ணை மூடி. முதலில் தெரிந்தது, அது பல்லைக் கூச வைக்கும் ஜில்லிப்பு இல்லை என்பது. "சுவத்துல கன்னத்த வச்ச மாதிரி குளிருதுக்கா. குத்தல. மெத்துன்னு இருக்கு."

"ம்."

"குரங்கணில காப்பிக்கொட்டை வறுப்பாகல்ல, இரும்புச் சட்டில? தீயிறதுக்கு ஒரு நிமிசம் முன்னாடி வருமே, அந்த வாசம்."

"தீயலயே?"

"தீயல. அதுக்குள்ள எறக்கிட்டாக. அப்புறம் பால் சட்டில அடில ஒட்டியிருக்குமே, நீயும் நானும் சண்ட போட்டுச் சொரண்டித் திம்போம், அது."

நீ கண்ணை மூடியிருந்தாய். "எனக்குத்தான் நெறைய வேணும்" என்றாய்.

"இப்ப ஓரத்துல புளிக்குது. நாவப்பழம் தின்னுட்டு நாக்க நீட்டிக் காமிப்போமே..."

"நாக்குல எங்க?"

"ரெண்டு பக்கமும். பின்னாடி தள்ளி."

"சரிதான். மேல?"

சொல்லிக்கொண்டே இருந்தேன். கருப்பட்டி வேகும்போது விளிம்பில் கறுகுவது. முதல் மழை விழுந்த களத்துச் சிமெண்டு. கடைசியில் வேப்பம்பூ ரசம்போல ஒரு கசப்பு, அது போனபிறகு வாய் சுத்தமாக இருப்பது. நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, உன் தொண்டை ஏறி இறங்கியது. அதை நான் பார்த்தேன். கையில் கிளாஸ் இல்லை, வாயில் ஒன்றுமில்லை, நீ விழுங்கிக்கொண்டிருந்தாய்! அந்த இடத்தில் நான் நிறுத்தியிருந்தால் அழுதிருப்பேன். அதனால் நிறுத்தவில்லை.

பெரியப்பா மெதுவாகக் கேட்டார். "நம்ம காய் வாசம் எதும் இருக்காப்பு?"

"இல்ல பெரியப்பா."

"இல்லாட்டி என்ன. நீ சொல்லு, நல்லாத்தான் இருக்கு கேக்குறதுக்கு."

கொஞ்சம் கழித்து இரண்டாவது கிளாஸ் பிடித்தேன். காற்றுப் பட்டதும் அது மாறியிருந்தது. புளிப்பு பின்வாங்கி, வறுத்த மணம் அகன்று விரிந்திருந்தது. "அக்கா, இது வேற! அதே பீப்பாய், இது வேற!" என்று கத்தினேன். "உசுரு உள்ளது அப்பிடித்தான்டா இருக்கும்" என்றாய். நான் பார்த்த எந்த வீடியோவும் இதற்கு என்னைத் தயார் செய்திருக்கவில்லை.

மறுநாள் காலை ஜீப்பில் உன்னைப் பின்சீட்டில் படுக்க வைத்து, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். பெரியப்பா முன்னால். முதல் கொண்டை ஊசி வளைவில், "இன்னொரு தடவ சொல்லு" என்றாய். சொன்னேன். காப்பி, பால் சட்டி, நாவல், கருப்பட்டி, மழை, வேப்பம்பூ. டிரைவர் கண்ணாடியில் என்னை விநோதமாகப் பார்த்தார். இரண்டு வளைவு தாண்டி மறுபடி கேட்டாய். மறுபடி சொன்னேன். கீழே இறங்க இறங்கக் காற்று சூடாகிக்கொண்டே வந்தது. முந்தல் செக்போஸ்ட் தெரிந்தபோது நீ கண்ணைத் திறந்தாய்.

"எல்லாஞ் சொன்ன. ஒன்ன விட்டுட்ட."

"என்னத்த?"

"உப்பு."

"உப்பா? உப்பெல்லாம் இல்லக்கா."

"கடைசில இருந்துச்சு. பொடி அளவு. எனக்கு அது ஒன்னுதான்டா தெரிஞ்சுச்சு. நீயாச் சொல்றியான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

நான் நம்பவில்லை. கீமோ நாக்கு ஏமாற்றியிருக்கும் என்று நினைத்தேன். நீயும் வாதாடவில்லை. மதுரையில் உன்னைச் சேர்த்துவிட்டு, விட்டுவந்த துணிமணி எடுக்க மறுநாளே மலைக்கு வந்தேன். முகம் கழுவி, வாய் கொப்பளித்து, ஒரு கிளாஸ் பிடித்தேன். குடித்தேன். காப்பி வந்தது, பால் சட்டி வந்தது, எல்லாம் வரிசையாக வந்து, கசப்பும் போனது. முதல் தடவை அத்தோடு முடிந்தது என்றுதான் கிளாஸைக் கீழே வைத்திருந்தேன். இந்த முறை வைக்காமல் சும்மா நின்றேன்.

வந்தது. நாக்கின் நுனியில், பொடி அளவு, உப்பு.

நான் இதே அறையில் தனியாக நின்று, "இருக்கு, இருக்கு!" என்று கத்தினேன். வெளியே ஓடி, சிக்னல் கிடைக்கிற பாறைமேல் ஏறி, பெரியப்பாவுக்குப் போன் போட்டேன். அவர் உன் காதில் வைத்தார்.

"அக்கா, இருக்குக்கா. உப்பு இருக்கு."

போனில் உன் மூச்சு கேட்டது. பிறகு சொன்னாய்.

"அப்ப நானும் குடிச்சிருக்கேன்டா."

அதன்பிறகு நீ இந்த மலைக்கு வரவில்லை. நான் அப்புறம் வெளியூர்களில் எவ்வளவோ போர்ட்டர் குடித்துவிட்டேன். உன் பீப்பாயைவிடத் தெளிவானவை, கெட்டிக்காரர்கள் காய்ச்சியவை. எதைக் குடித்தாலும், கஞ்சியோ காப்பியோ ஆனாலும், விழுங்கிய உடனே பேசுவதில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் வந்து போகட்டும் என்று விட்டுவிட்டு, அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் இருக்கிறேன். பல நேரம் ஒன்றும் வருவதில்லை. சில நேரம் வருகிறது. வந்ததும் அதை வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன், பக்கத்தில் ஆள் இருக்கிறதோ இல்லையோ.